ஆறே மூவில் தோற்ற கிராண்ட்மாஸ்டரும் இருபது மூவ் உருப்போடும் கோவைப் பிள்ளைகளும்

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் எந்த ஊரில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் சென்னை என்பார்கள். ஆள் சென்னைதான். ஆனால் விஸ்வநாதன் ஆனந்துக்கு அந்தப் பட்டத்தை உறுதிசெய்த போட்டி நடந்தது கோயமுத்தூரில். 1987 முடிந்து 1988 பிறக்கிற சமயத்தில், சக்தி ஃபைனான்ஸ் பெயரில் நடந்த சர்வதேசப் போட்டி அது. பதினெட்டே வயதான ஆனந்த் அதை வென்றார். அதுவரை நாட்டில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது. இரண்டாவது ஆள் (கொல்கத்தாவின் திபியேந்து பரூவா) வருவதற்கு 1991 ஆகிவிட்டது.

கோவைக்காரர்கள் இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வதில் தப்பே இல்லை. செஸ் வகுப்பு நடத்துகிறவர்களும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே 1988-ல் அதே ஆனந்துக்கு நடந்த இன்னொரு விஷயத்தை அந்த வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை. பேசினால் வியாபாரம் படுத்துவிடும்.

சுவிட்சர்லாந்தில் பீல் என்று ஒரு ஊர். அங்கே நடந்த போட்டியில் ஆனந்துக்கு எதிரே கொலம்பியாவின் கிராண்ட்மாஸ்டர் அலோன்சோ சபாட்டா. ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்கள். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்தது, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்தது. பெட்ராஃப் டிஃபென்ஸ் என்று இதற்குப் பெயர். மூன்றாவது மூவில் வெள்ளைக் குதிரை இ5-ல் இருந்த சிப்பாயை வெட்டியது. கறுப்பு டி6-ல் சிப்பாயை வைத்து அதை விரட்டியது. குதிரை எஃப்3-க்கே திரும்பிப் போக, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டிக் கணக்கைச் சரிசெய்தது. ஐந்தாவது மூவில் வெள்ளை தன் இன்னொரு குதிரையை சி3-க்குக் கொண்டுவந்து, இ4 குதிரையைக் குறிவைத்தது. ஆனந்த் பிஷப்பை எஃப்5-ல் நிறுத்திக் குதிரைக்குக் காவல் போட்டார். சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ2-ல் வைத்தார்.

ஆட்டம் முடிந்தது. ஆறே மூவ்!

என்ன ஆயிற்று என்பது செஸ் கற்க ஆரம்பித்து இரண்டு மாதமான பிள்ளைக்கும் புரியும். கறுப்பு ராஜா இன்னும் இ8-லேயே உட்கார்ந்திருக்கிறது. இ வரிசையில் சிப்பாய்கள் எல்லாம் போய்விட்டன. வெள்ளை ராணிக்கும் கறுப்பு ராஜாவுக்கும் நடுவே இருப்பது அந்த இ4 குதிரை மட்டும்தான். அது நகர்ந்தால் ராஜாவுக்கு செக், எனவே நகர முடியாது. காவல் என்று பார்த்தால் ஒரு பிஷப்தான். வெட்டக் காத்திருப்பதோ குதிரை, ராணி என்று இரண்டு. டி5-ல் சிப்பாயை வைத்து முட்டுக்கொடுத்தால் வெள்ளை டி3 சிப்பாயை ஏற்றிக் குதிரையை வாங்கிவிடும். ராணியை இ7-ல் குறுக்கே வைத்தாலோ வெள்ளைக் குதிரை டி5-ல் குதித்து ராணியை விரட்டும், அப்புறம் அதே டி3. எப்படிப் போனாலும் ஒரு காய் நஷ்டம்.

இந்தியாவின் ஒரே கிராண்ட்மாஸ்டர், மின்னல் வேகத்தில் கணக்குப் போடுவார் என்று உலகமே வாய்பிளந்து பார்த்த பையன், இதையா பார்க்கவில்லை? பார்க்கவில்லை. காரணம், அந்த ஐந்தாவது மூவை அவர் பலகையைப் பார்த்து ஆடவில்லை. ஏற்கெனவே அச்சில் வந்ததை ஆடினார். 1987-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் இதே பிஷப் மூவை ஆடியிருந்தார். மைல்ஸ் ராணியை இ2-ல் வைக்காமல் வேறெதையோ ஆட, ஆட்டம் டிராவில் முடிந்தது. டிரா என்று அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட ஆட்டம் அது, அதனால்தான் மைல்ஸ் தண்டிக்காமல் விட்டார் என்பது பிறகு செஸ் வட்டாரத்தில் பரவிய கதை. ஆனால் அப்போதைய செஸ் உலகின் பைபிளான 'இன்ஃபார்மேட்டர்' தொகுப்பில் அந்த ஆட்டம் ஏறிவிட்டது. அச்சில் வந்ததை ஆனந்த் நம்பினார். இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடியதாயிற்றே, தப்பா இருக்கும்?

ஆனந்த் அந்த அடியோடு விழித்துக்கொண்டார். பிற்காலத்தில் அதே பெட்ராஃபை உலகத் தரத்தில் ஆடவும் செய்தார். விழிக்காதது கோவையும் ஈரோடும் திருப்பூரும் சேலமும்தான்.

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கொங்குப் பக்கத்தில் நடக்கும் ஒரு பிள்ளைகள் போட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். பள்ளிக்கூட ஹாலிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும். உள்ளே ஏழு வயதுக்குள், ஒன்பது வயதுக்குள், பதினொரு வயதுக்குள் என்று வரிசை வரிசையாகப் பலகைகள். மேடையில் ஆளுயரத்துக்குக் கோப்பைகள். வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள். அங்கே காதில் விழும் பேச்சைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். "ஏனுங்க, உங்க பையன் எத்தன ஓப்பனிங் முடிச்சிருக்கானுங்க?" "இட்டாலியன், லண்டன் ரெண்டும் முடிச்சாச்சுங்க. இப்ப சிசிலியன் போயிட்டிருக்குதுங்க. இருபது மூவ் வரைக்கும் மனப்பாடமாச் சொல்லுவானுங்க." முடிப்பதற்கு ஓப்பனிங் என்ன வாய்ப்பாடா?

ஹாலுக்குள் அந்தப் பையன் முதல் எட்டு மூவை அரை நிமிஷத்தில் அடித்துத் தள்ளுகிறான். ஒன்பதாவது மூவில் எதிரே இருக்கும் பிள்ளை, விவரம் தெரியாமலோ தெரிந்தோ, பாடத்தில் இல்லாத ஒரு மூவை ஆடிவிடுகிறது. பையன் நிமிர்ந்து கதவைப் பார்க்கிறான். கதவுக்கு வெளியே அப்பா. அவருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அவன் ஆடுவது செஸ்ஸே இல்லை, ஏதோ ஒன்று.

இதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முழுக்க மாஸ்டர்களைக் குற்றம் சொல்வதும் சரியில்லை. இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். ஒன்பது வயதுக்குள் பிரிவில் பெரும்பாலான ஆட்டங்கள் யாரோ ஒருவர் சும்மா ஒரு காயைப் பறிகொடுப்பதால் முடிகின்றன. அங்கே நான்கு பொறிகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளை பத்து மூவுக்குள் ஜெயித்துவிடும். கோப்பை வரும். கோப்பையோடு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போகும். அடுத்த மாதம் அந்த வகுப்பில் இன்னும் பத்துப் பிள்ளைகள் சேர்வார்கள். மாறாக, ஆறு மாதம் பொறுமையாக எண்ட்கேமும் கணக்கிடுதலும் சொல்லித்தரும் மாஸ்டரின் பிள்ளைகள் அந்த ஆறு மாதமும் கோப்பை இல்லாமல் வீடு திரும்புவார்கள். பெற்றோர் வகுப்பை மாற்றிவிடுவார்கள். நல்ல மாஸ்டருக்கு வாடகை கட்டமுடியாது. எனவே அவரும் பொறி சொல்லித்தர ஆரம்பிக்கிறார்.

அப்புறம் பையன் வளர்கிறான். எதிராளிகளுக்கும் அதே பொறி தெரிந்துவிடுகிறது. ரேட்டிங் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மருந்தாக இன்னொரு ஓப்பனிங் விற்கப்படுகிறது! அதுவும் பலிக்காமல் போகும்போது பத்தாம் வகுப்பு வந்துவிடும். பலகை பரணுக்குப் போய்விடும். "எனக்கு செஸ் வராது" என்ற நினைப்பு மட்டும் அவனோடு தங்கும். ஐந்தாறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளையும் அப்பாவின் சம்பளத்தையும் கொடுத்து வாங்கிய நினைப்பு அது. அவனுக்கு செஸ் வருமா வராதா என்பதை யாரும் சோதித்தே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கொங்கு நாட்டுக்கு இது புது வியாதியும் இல்லை. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பட்டப்பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. (உண்மையில் நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர், பிராய்லர் என்றால் பல்லடம். பட்டப்பெயர் வைத்தவருக்குக் கோழி விவரம் போதவில்லை.) பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி உருப்போட வைத்து மாநில ரேங்க் எடுத்த முறை அது. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலையே நிறுத்தியது. அதே வருஷம் தமிழ்நாட்டுக்கு நீட்டும் வந்தது. மனப்பாடத்தில் வராத கேள்விகள் வந்தபோது அந்த முறை எப்படித் திணறியது என்பதைப் பார்த்த பெற்றோர்களே இன்று பிள்ளைகளைச் செஸ்ஸில் அதே கூண்டுக்குள் விடுகிறார்கள். இத்தனைக்கும் இது ஜி.டி. நாயுடுவின் ஊர். வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்து எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டவர் அவர். யாரோ எழுதிக்கொடுத்த குறிப்பை மனப்பாடம் செய்திருந்தால் அவருக்கு ஓட்டத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

உடனே ஒரு மறுப்பு வரும். "2008-ல் ஆனந்த் உலகப் பட்டத்தைக் காப்பாற்றியதே ஓப்பனிங்கால்தானே?" நியாயமான கேள்வி. ஜெர்மனியின் பான் நகரம், எதிரே விளாடிமிர் கிராம்னிக். மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் ஆனந்த் கறுப்புக் காய்களோடு செமி ஸ்லாவ் ஆடி இரண்டையும் ஜெயித்தார். பதினான்காவது மூவில் பிஷப்பை பி7-ல் வைத்தது அவரும் அவருடைய குழுவும் வீட்டிலேயே சமைத்து எடுத்துவந்த ஆயுதம். இரண்டு முறையும் கிராம்னிக் தடுமாறினார். மொத்தத்தில் ஆறரைக்கு நாலரை என்று ஆனந்த் வென்றார். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஐந்தாவது ஆட்டத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கவேண்டும். பதினான்காவது மூவில் கிராம்னிக் தோற்றுவிடவில்லை. இருபத்தொன்பதாவது மூவில் டி4 சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். சும்மா கிடைக்கிற சிப்பாய் என்று நினைத்தார். ஆனந்தோ அங்கிருந்து ஐந்து மூவ் தள்ளிப் பார்த்துவிட்டிருந்தார். முப்பத்துநான்காவது மூவில் அவர் குதிரையை இ3-ல் கொண்டுவந்து தானமாகக் கொடுத்தார். கிராம்னிக் அதை வெட்ட, திருப்பி வெட்டிய கறுப்புச் சிப்பாயைத் தடுக்க ஆளில்லை. ஓப்பனிங் ஆனந்துக்குத் தந்தது தன் கைக்கு வாகான ஒரு களம், கடிகாரத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம். ஜெயித்தது கணக்கு. அந்தக் கணக்கைக் கற்ற பிறகுதான் அந்தக் களத்துக்கு மதிப்பு. தவிர, அந்தத் தயாரிப்பு ஆனந்தும் உதவியாளர்களும் உட்கார்ந்து கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பதும் வாங்கி விழுங்குவதும் ஒன்றா?

அந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார்? அப்பாவின் வேலைக்காக மணிலாவில் இருந்தபோது, அம்மா சுசீலா தொலைக்காட்சியில் வரும் செஸ் புதிர்களை எழுதிவைப்பார். பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளையும் அம்மாவும் உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். பரிசுப் புத்தகங்களை அவரே வாங்கிக் குவித்ததால், இனிமேல் விடை அனுப்பவேண்டாம் என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்ட கதையும் உண்டு. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் நடத்தியது. அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியில் தொடரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். சிறு பையன் ஆனந்த் அந்த நாற்காலிக்காக ஆடினார். புதிரும் ஆட்டமும்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

2013 நவம்பரில் சென்னையிலேயே நடந்தது இதன் மறுபக்கம். ஓப்பனிங் தயாரிப்பில் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவரான ஆனந்தை எதிர்த்து மேக்னஸ் கார்ல்சன் வந்தார். கூர்மையான ஓப்பனிங் சண்டைக்கே அவர் போகவில்லை. ஆடக்கூடிய ஒரு நிலை கிடைத்தால் போதும் என்று இருந்தார். ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை யானை எண்ட்கேமில், மணிக்கணக்காக உட்கார்ந்து, துளித்துளியாகப் பிழிந்து எடுத்தார். ஆறரைக்கு மூன்றரை. தமிழ்நாட்டின் கண்ணெதிரே நடந்த பாடம் அது. பார்த்துவிட்டு நேரே போய் இன்னொரு ஓப்பனிங் புத்தகம் வாங்கினார்கள் போலிருக்கிறது.

பாபி ஃபிஷர் இந்த மனப்பாடத்தின் மேல் வெறுப்பு வந்து, 1996-ல் பின்வரிசைக் காய்களையே குலுக்கிப்போட்டு ஆடும் முறையை அறிவித்தார். அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. கொங்குப் பிள்ளைகள் ஓப்பனிங்கே படிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காய்களை வெளியே கொண்டுவா, நடுக்கட்டங்களைப் பிடி, ராஜாவைச் சீக்கிரம் கோட்டைக்குள் அனுப்பு, உன் ராஜாவுக்கும் அவன் ராணிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மூவிலும் கேள். ஆரம்பத்தில் இதற்குமேல் தேவையில்லை. பீலில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஆனந்தே தப்பித்திருப்பார்.

இப்போது இன்ஜின் வேறு கைக்கு வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை போனைக் காட்டி "கம்ப்யூட்டர் இதுதான் பெஸ்ட்னு சொல்லுது" என்கிறது. ஏன் என்று கேட்டால் விழிக்கிறது. 1988-ன் இன்ஃபார்மேட்டர் இடத்தில் இன்று ஸ்டாக்ஃபிஷ். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு வரும்வரை இன்ஜின் பக்கமே விடாமல், தன் மூளையால் கணக்குப் போட வைத்தார் என்பது பல பேட்டிகளில் வந்த செய்தி. கோவை மாஸ்டர்கள் குகேஷின் படத்தை விளம்பரப் பலகையில் போடுகிறார்கள். அவர் கற்ற முறையைப் போடுவதில்லை.

அந்தக் குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனாரே, அது எந்த ஓப்பனிங்கால்? கடைசியான பதினான்காவது ஆட்டம். ஐம்பத்தைந்தாவது மூவில் டிங் லிரென் யானையை எஃப்2-ல் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் பிஷப்பை டி5-ல் வைத்துப் பிஷப்புகளையும் வெட்டிக்கொள்ள வைத்தார். மிச்சம் ராஜாக்களும் சில சிப்பாய்களும். வெள்ளை ராஜா இ3-க்கு வந்தது, கறுப்பு ராஜா இ5-ல் வந்து நேருக்கு நேர் நின்றது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டமே செஸ்ஸின் முதல் வகுப்புப் பாடத்தில் முடிந்தது.

மண்ணில் குறையில்லை. ஈரோட்டுப் பையன் ப. இனியன் 2019-ல் கிராண்ட்மாஸ்டர் ஆகிக் காட்டினார். இந்தப் பக்கத்துப் பெற்றோரின் உழைப்பிலும் குறை சொல்லமுடியாது. சாயப்பட்டறையில் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தோடு பிள்ளையைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பலகையில் மூன்றே காய்கள். வெள்ளைச் சிப்பாய் இ4-ல், வெள்ளை ராஜா இ5-ல், கறுப்பு ராஜா இ7-ல். வெள்ளை ஆடவேண்டிய முறை என்றால் ஆட்டம் டிரா. கறுப்பு ஆடவேண்டிய முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. ஏன் என்று பிள்ளை தானே ஆடிக்காட்டவேண்டும். சிங்கப்பூரில் கடைசியாக இருந்த நிலைக்கு இது தம்பி முறை. கோப்பைகள் அடுக்கிவைத்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இதைச் செய்துகாட்டுகிறார்கள் என்று அப்பா அம்மாக்கள் இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். முடியவில்லை என்றால் அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் கேட்கலாம். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல சிசிலியன் முடிச்சிரட்டும்" என்று பதில் வந்தால், கட்டிய ஃபீஸில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.